ஓர் அங்குலம் கீழே

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானபோது, அதன் முன்சக்கரங்களைத் தாங்கிய சஸ்பென்ஷன் புதியதல்ல. 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஃபால்கன் என்ற சிக்கனக் காருக்காக வரையப்பட்ட அமைப்பு அது. ஃபால்கனின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 144 கன அங்குலம், 90 குதிரைத்திறன். அதே அடித்தளத்தின் மீது மஸ்டாங்கில் 289 கன அங்குல வி8 எஞ்சின் ஏறியது. அதன் உச்ச வடிவம் 271 குதிரைத்திறன் தந்தது. சக்தி மூன்று மடங்கானது. சக்கரம் தரையைத் தொடும் விதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

அதே 1964-இல்தான் பாண்டியாக் 389 கன அங்குல எஞ்சினோடு ஜி.டி.ஓ.வைக் கொண்டுவந்தது. மசில் கார்களின் காலம் அதிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். அந்தக் காலத்தின் பந்தயம் நேர்கோட்டில் நடந்தது. டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் இளைஞர்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை ஓட்டிப் பார்த்தார்கள். முறையான பந்தயத் தடத்திலும் கால் மைல்தான் கணக்கு. வளைவில் வண்டி எப்படி நிற்கிறது என்பது வாங்குபவர் கேட்ட கேள்வியாக இல்லை. ஆகவே அந்தக் கால வண்டியை இன்று சாலையில் ஓட்டுபவர் சில குறைகளை ஒன்றாக உணர்கிறார்: ஸ்டீயரிங் மந்தமாகத் திரும்புகிறது, உடல் பெரிதாகச் சாய்கிறது, முன்பக்கம் வளைவுக்கு வெளியே வழுக்குகிறது, மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளுகிறது. நான்கும் ஒரே நோயின் அறிகுறிகளாகத் தோன்றும். உண்மையில் நான்குக்கும் வேர் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடையில் கிடைக்கும் மிகக் கடினமான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டுவதால்தான் அழகான பல வண்டிகள் ஓட்ட முடியாத வண்டிகளாகிவிடுகின்றன.

மஸ்டாங்கின் முன்பக்க அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மேலே ஒரு குட்டையான ஆர்ம், கீழே ஒரு நீளமான ஆர்ம். இரண்டின் வெளிமுனைகளிலும் பால் ஜாயின்ட். அவற்றுக்கு நடுவே சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில். கீழ் ஆர்ம் ஒற்றைத் தண்டு. அது முன்னும் பின்னும் நகராதபடி ஒரு சாய்வான ஸ்ட்ரட் ராடு முன்புறச் சட்டத்தோடு அதை இழுத்துப் பிடிக்கிறது. சுருள் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்காராமல் மேல் ஆர்மின் மேல் உட்கார்ந்திருப்பது இந்த வண்டியின் தனித்தன்மை. ஸ்பிரிங்கின் மேல்முனை, எஞ்சின் அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஷாக் டவர் என்ற தகட்டுக் கூண்டில் முட்டுகிறது. வண்டியின் முன்பாரம் முழுவதும் இந்த இரு கூண்டுகள் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது.

வளைவில் உடல் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரம் உடலோடு ஒப்பிட்டால் மேலே ஏறுகிறது. பாரத்தின் பெரும்பகுதி அந்தச் சக்கரத்தின் மீதுதான். அது நிமிர்ந்து நின்றால் டயரின் முழு அகலமும் தரையில் பதியும். நல்ல வடிவமைப்பில், சக்கரம் மேலே ஏற ஏற மேல் ஆர்ம் அதன் தலையை உட்பக்கம் இழுக்கும். உடலின் சாய்வு ஓரளவு ஈடுகட்டப்படும். முதல் மஸ்டாங்கில் மேல் ஆர்மின் உள்முனை உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் சக்கரம் ஏறும்போது ஆர்ம் முதலில் கிடைமட்டத்தை நோக்கி விரிந்து, சக்கரத்தின் தலையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. உடலும் வெளியே சாய்கிறது, சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது. டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நின்று வளைவை எதிர்கொள்கிறது. முன்பக்கம் வழுக்குவதற்கு முதல் காரணம் இதுதான். எவ்வளவு விலையுயர்ந்த டயரைப் போட்டாலும் அதன் பாதி அகலம் காற்றில் இருந்தால் பயனில்லை.

இதற்கான தீர்வை ஃபோர்டின் உள்ளேயே கண்டுபிடித்தவர் கிளாஸ் ஆர்னிங் என்ற பொறியாளர். சஸ்பென்ஷன் கணக்குகளுக்குக் கணினியைப் பயன்படுத்திய ஆரம்பகாலத்தவர்களில் ஒருவர் அவர். 427 கோப்ரா காரின் சஸ்பென்ஷனும் அவருடைய வேலை. மஸ்டாங்குக்கு அவர் கண்ட விடை, மேல் ஆர்மின் உள்முனையை ஓர் அங்குலம் கீழே இறக்கிவிடுவது. கரோல் ஷெல்பியின் நிறுவனம் 1965-இல் மஸ்டாங்கை அடிப்படையாகக் கொண்டு ஜி.டி.350 தயாரித்தபோது இந்த மாற்றம் அதில் இடம்பெற்றது. வண்டியை ஓட்டி ஓட்டிச் சீர்செய்தவர் பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ். அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று டெக்சாஸின் கிரீன் வேலி பந்தயத் தடத்தில் ஜி.டி.350-இன் முதல் வெற்றியைப் பெற்றவரும் அவரே. இன்று இதை ‘ஷெல்பி டிராப்’ என்று சொல்கிறவர்களே அதிகம். ‘ஆர்னிங் டிராப்’ என்பதே நியாயமான பெயர்.

வேலை எளியது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்பிரிங்கைச் சுருக்கிக் கழற்றி, மேல் ஆர்மின் இரு போல்ட்டுகளையும் எடுக்க வேண்டும். பழைய துளைகளுக்கு ஓர் அங்குலம் கீழே ஷாக் டவரில் பக்கத்துக்கு இரண்டு துளைகள் போட்டு, ஆர்மை அங்கே மாட்டினால் முடிந்தது. அவ்வளவுக்கே ஆர்மின் சரிவு மாறிவிடுகிறது: சக்கரம் ஏறும்போது அதன் தலை இப்போது உட்பக்கம் வருகிறது. உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியும் உயர்கிறது. அதனால் சாய்வே குறைகிறது. ஸ்பிரிங் ஆர்மின் மேல் இருப்பதால் முன்பக்கம் கொஞ்சம் தாழவும் செய்கிறது. பழைய துளைகள் அப்படியே இருப்பதால், வேண்டாமென்றால் மறுபடி பழைய நிலைக்குப் போய்விடலாம். ஒரு மாற்றம் மூன்று நன்மைகளைத் தந்து, சவாரியின் மென்மையில் எதையும் பறிக்காமல், செலவும் ஏறக்குறைய இல்லாமல் முடிவது வாகன வேலையில் மிக அரிது. இயந்திரத்தின் மீது அன்புள்ள எவருக்கும் இந்த நான்கு துளைகள் மகிழ்ச்சி தரும். பால் ஜாயின்ட்டின் கோணம் மட்டும் கவனிக்கத்தக்கது. ஆர்ம் சரிந்துவிட்டதால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஜாயின்ட் தன் எல்லையைத் தொடும் வாய்ப்பு உண்டு. ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்குபவர்கள் ஜாயின்ட்டுக்கும் ஆர்முக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து அதைச் சரிசெய்கிறார்கள்.

ஆனால் தொழிற்சாலை வரிசையில் நான்கு துளை என்பதும் நேரம், நேரம் என்பதும் பணம். 1966 ஜி.டி.350-இன் தொடக்க வண்டிகளுக்குப் பிறகு ஷெல்பி நிறுவனமே செலவைக் குறைக்க இந்த மாற்றத்தைக் கைவிட்டது. சரியான விடை தெரிந்திருந்தும் அது கணக்குப் புத்தகத்தில் தோற்றது. இன்று ஒரு பட்டறையில் யாரோ துளையிடும்போது, 1965-இல் தெரிந்திருந்த ஒன்றைத்தான் திரும்பச் செய்கிறார்.

துளைபோடும் கருவியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. மஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலின் தகடுகளே சட்டம். அறுபது ஆண்டுகளில் தரைத்தகடும் முன்சட்டங்களும் துருப்பிடித்திருக்கலாம். ஸ்பிரிங்கின் விசையாலும் எஞ்சினின் பாரத்தாலும் ஷாக் டவர்கள் மெல்ல உட்பக்கம் சாய்ந்திருக்கலாம். அவற்றின் பற்றவைப்பு ஓரங்களில் விரிசல் இருக்கலாம். 1969 மாடலான பாஸ் 302 மஸ்டாங்குக்கு அகலமான டயர்களைப் பொருத்திச் சோதித்தபோது, டயரின் கூடுதல் பிடிப்பைத் தாங்காமல் ஷாக் டவர்கள் விரிசல் கண்டன. தொழிற்சாலை அவற்றை வலுப்படுத்த வேண்டியிருந்தது. பிடிப்பு கூடக்கூட, அடுத்து எது பலவீனமோ அது வெளியே வரும். ஆகவே உடலை உறுதிசெய்வது முதல் வேலை. ஷாக் டவர்கள் இரண்டையும் எஞ்சின் அறையின் பின்சுவரோடு பிணைக்கும் ஒற்றைத் தகட்டு முட்டு, டவர்களுக்கு இடையே குறுக்காக ஓடும் ‘மான்டே கார்லோ’ கம்பி இரண்டும் ஜி.டி.350-இலேயே இருந்தன. முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் தரைக்கடியில் நீளவாக்கில் இணைக்கும் குழாய்களைப் பற்றவைப்பது பின்னாளில் பரவிய பழக்கம். உடல் முறுகினால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் என்ன செய்கின்றன என்பதைக் கணிக்கவே முடியாது. முறுகும் உடலே கட்டுப்பாடில்லாத இன்னொரு ஸ்பிரிங்காகிவிடுகிறது. கூரையில்லாத வண்டிகளில் இது இன்னும் அவசரம்.

மூட்டுகளில் உள்ள உறைகளான புஷ்கள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான். ரப்பர் புஷ் போடுவதா, பாலியூரித்தேன் புஷ் போடுவதா என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து உடலின் சாய்வைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் கம்பியின் முனைகளில் கெட்டியான பாலியூரித்தேன் நன்மையே செய்யும். அங்கே அசைவு ஒரு திசையில்தான். ஸ்ட்ரட் ராடின் முன்முனையில் நிலைமை வேறு. அந்தத் தண்டு நேராக நிற்பதோடு மேலும் கீழும் சாயவும் வேண்டும். கெட்டி புஷ் அந்தச் சாய்வைத் தடுத்தால் தண்டு வளைந்து வளைந்து களைத்து உடையும் ஆபத்து உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகராதிருக்க வேண்டுமென்றால், அங்கே உருண்டை மூட்டு கொண்ட ஸ்ட்ரட் ராடைப் போடலாம். இல்லையேல் நல்ல புதிய ரப்பரே போதும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளின் கண்களிலும் ரப்பரே பல திசை அசைவை இடைஞ்சலின்றி விடுகிறது.

அடுத்து டயர். ஓட்டுபவர் உடனே உணரும் மாற்றம் இதைவிட வேறில்லை. மஸ்டாங் பிறந்த காலத்து டயர்கள் குறுக்குப் பின்னல் கொண்டவை. ரேடியல் டயருக்கு மிஷலின் 1946-இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், அமெரிக்காவில் அது பரவ எழுபதுகள் ஆயின. 1970-இன் லிங்கன் கான்டினென்டல் மார்க் III ரேடியலைத் தொழிற்சாலையிலேயே பெற்ற முதல் அமெரிக்க வண்டிகளில் ஒன்று. ரேடியலின் பக்கச்சுவர் தனியே வளையும். தரையில் பதியும் பட்டை தட்டையாகவே இருக்க முயலும். பழைய 14 அங்குலச் சக்கரத்துக்கு நல்ல பிடிப்புள்ள டயர் இன்று அரிதாகவே கிடைப்பதால் பலர் 15 முதல் 17 அங்குலம் வரை போகிறார்கள். அதற்கு மேல் போவது கண்ணுக்காகத்தான். பக்கச்சுவர் மெலிய மெலியப் பள்ளத்தின் அடி நேரே ரிம்முக்குப் போகிறது.

டயரோடு சேர்ந்து வருவது வீல் அலைன்மென்ட். தொழிற்சாலைக் கையேட்டின் எண்கள் பழைய டயருக்கும், பவர் இல்லாத ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்புவதற்கும் எழுதப்பட்டவை: சக்கரத்தின் பக்கச்சாய்வான கேம்பர் வெளிப்பக்கம், ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் மிகக் குறைவு. அந்த எண்களைப் புத்தகத்தில் பார்த்து அப்படியே வைக்கும் கடைக்காரர், புதிய டயரின் பாதிப் பயனைப் பறித்துவிடுகிறார். சாலைக்கு ஏற்ற அளவு, சக்கரத்தின் தலை அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை உட்பக்கம் சாய்ந்திருப்பது. காஸ்டர் நேர்ப்பக்கம் இரண்டு மூன்று டிகிரி. முன்சக்கரங்களின் முன்னோரங்கள் நெருங்கும் அளவான டோ உட்பக்கமாக எட்டில் ஒரு அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. 1965, 66 வண்டிகளில் மேல் ஆர்மின் தண்டுக்கும் ஷாக் டவருக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகி இதைச் சரிசெய்ய வேண்டும். 1967 முதல் ஸ்ட்ரட் ராடின் நீளத்தை மாற்றிக் காஸ்டரைத் தனியே வைத்துக்கொள்ளலாம். காஸ்டர் கூடியவுடன் நெடுஞ்சாலையில் வண்டி தானாக நேரே போகத் தொடங்கும். பல உரிமையாளர்கள் ஸ்டீயரிங் பெட்டி தேய்ந்துவிட்டதென்று எண்ணிய தளர்ச்சியில் ஒரு பகுதி அதோடு மறைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஸ்பிரிங். மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் ஆராய்ச்சி இங்கே இன்றும் வழிகாட்டுகிறது. ரோல்ஸ்-ராய்ஸின் அமெரிக்கக் கிளையிலிருந்து 1930-இல் கெடிலாக்குக்கு வந்தவர் அவர். பாரங்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை உருவாக்கி, அதில் ஆட்களை ஏற்றி, எப்போது பயணம் இதமாக இருக்கிறது என்று பொறுமையாகத் தேடினார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்றே வேகமாக மேலும் கீழும் ஆட வேண்டும் என்பது அவர் கண்டது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, வண்டி தலையாட்டாமல் சமமாக அமர்ந்துவிடும். அமெரிக்க மென்சவாரி வண்டிகள் நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை ஆடும். சாலையில் சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டிய வண்டிக்கு ஒன்றரை வரை போகலாம். இரண்டைத் தாண்டினால் அது பந்தயத் தடத்துக்குரியது. சாதாரணச் சாலையில் டயர் பள்ளங்களின் மீது பறக்கத் தொடங்கும், பறக்கும் டயருக்குப் பிடிப்பில்லை.

மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் ஓர் அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் ஏறக்குறைய அரை அங்குலமே சுருங்குகிறது. அப்படியானால் சக்கரம் உணரும் கடினம் ஸ்பிரிங்கின் கடினத்தில் கால் பங்குதான், ஏனெனில் விகிதம் இருமடியாக வருகிறது. அங்குலத்துக்கு 600 பவுண்டு என்ற எண் பயமுறுத்தினாலும் சக்கரத்தில் அது 150 பவுண்டு அளவே. ஓர் எண்ணை மட்டும் பார்த்து இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவது இதனால்தான் தவறாகிறது. ஸ்பிரிங்கின் சுருளை வெட்டி வண்டியைத் தாழ்த்தும் பழைய வழக்கமும் தெரிந்தே செய்ய வேண்டியது: சுருள் குறையக் குறைய மீதி ஸ்பிரிங் அதே விகிதத்தில் கடினமாகும். கொஞ்சம் வெட்டினால் நன்மை. மனம்போல் வெட்டினால் சக்கரம் ஏற இடமில்லாமல் ரப்பர் தடையில் முட்டும்.

ஆன்ட்டி-ரோல் கம்பியின் கடினம் அதன் விட்டத்தின் நான்கு மடி அடுக்கில் கூடுகிறது. முக்கால் அங்குலக் கம்பியை ஓர் அங்குலமாக்கினால் கடினம் மூன்று மடங்குக்கு மேல். பாடநூல்படி, முன்பக்கக் கம்பி தடித்தால் முன்பக்கம் வழுக்குவது அதிகமாக வேண்டும். முன்பாரம் மிகுந்த மஸ்டாங்கில் அதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. உடல் குறைவாகச் சாய்ந்தால் வெளிச்சக்கரம் நிமிர்ந்து நிற்கிறது. கம்பியால் இழந்ததைவிட டயர் நேராக நிற்பதால் பெறுவது அதிகம். ஜி.டி.350 ஓர் அங்குலக் கம்பியை அணிந்திருந்தது வீணுக்கல்ல. பின்பக்கம் கம்பி போடுவதில் மிகுந்த நிதானம் தேவை. மழை நாளில், பின்சக்கரம் இழுக்கும் வண்டியில், அது ஓட்டுபவரைத் திடீரென்று சுழற்றிவிடக்கூடும்.

ஷாக் அப்சார்பருக்குப் பணம் செலவிடத் தயங்கக் கூடாது. ஸ்பிரிங் ஆட்டத்தைத் தொடங்கும், அதை நிறுத்துவது ஷாக். மலிவான ஷாக்கோடு நல்ல ஸ்பிரிங் போட்ட வண்டியைவிட, பழைய ஸ்பிரிங்கோடு நல்ல ஷாக் போட்ட வண்டி சாலையில் நன்றாக நிற்கும். ஷெல்பி 1965-இல் சரிசெய்யக்கூடிய கோனி ஷாக்குகளைத் தேர்ந்ததிலும் இந்தப் புரிதல் இருக்கிறது.

பின்பக்கத்தில் மாட்டுவண்டியின் இருசு போல ஒரே அச்சு, இரு பக்கமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் பாரத்தைத் தாங்குவதோடு அச்சைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும், எஞ்சினின் முறுக்கத்தையும் ஏற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அச்சு முறுக்கிக்கொள்ள, பட்டை எஸ் வடிவில் வளைகிறது, டயர் வழுக்கியதும் பட்டை விடுபட்டுத் திரும்புகிறது, மறுபடி பிடிக்கிறது. இந்தத் துள்ளலை அடக்க ஷெல்பி அச்சின் மேலிருந்து காரின் தரையைத் துளைத்து உள்ளே போகும் இழுவைத் தண்டுகளைப் பொருத்தினார். ஃபோர்டு 1968-இன் 428 கோப்ரா ஜெட்டில் ஷாக்குகளை அச்சுக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக வைத்தது. அதே பிரச்சினையோடு போராடிய ஷெவர்லே கமாரோவும் ஒற்றைப் பட்டையை விட்டு அந்த ஆண்டு சக்திமிக்க மாடல்களில் பல பட்டைக்கும் இதே ஷாக் அமைப்புக்கும் மாறியது. சாலைப் பயனுக்கு, நடுத்தரக் கடினமுள்ள புதிய பட்டைகளும் நல்ல ஷாக்கும் பெரும்பாலும் போதுமானவை. அச்சு பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கப் பேன்ஹார்ட் தண்டோ, ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்காக 1784-இல் வடித்த இணைப்போ சேர்க்கலாம். வாட்டின் இணைப்பில் அச்சு நேர்செங்குத்தாகவே ஏறி இறங்கும். பேன்ஹார்டில் ஒரு சிறு வில்வளைவு இருக்கும். சாலை வேகத்தில் இந்த வேறுபாட்டை உணர்பவர் அரிது.

மற்ற நிறுவனங்களின் வண்டிகளில் விவரம் மாறும், தத்துவம் மாறாது. 1964 முதல் 1972 வரையிலான ஷெவெல்லில் ஸ்பிண்டில் குட்டையாக இருப்பதே கேம்பர் கோளாறுக்குக் காரணம். உயரமான ஸ்பிண்டிலும் அதற்கேற்ற மேல் ஆர்மும் அங்கே ஆர்னிங்கின் துளைகளுக்குச் சமம். கிரைஸ்லர் வண்டிகளில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளவாக்கில் முறுகும் டார்ஷன் கம்பி. ஒரு போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம், கடினத்துக்குத் தடித்த கம்பி மாட்ட வேண்டும்.

ஷாக் டவரையே வெட்டி எறிந்துவிட்டு, 1974 மாடலாக வந்த மஸ்டாங் II-இன் முன்பக்க அமைப்பை முன்மாதிரியாகக் கொண்ட புதிய சட்டத்தைப் பற்றவைக்கும் கிட்டுகள் இன்று ஏராளம். எஞ்சின் அறை விசாலமாகும், ரேக் ஸ்டீயரிங் கிடைக்கும். ஆனால் டவர்கள் வழியாகப் போன பாரம் முழுவதும் இப்போது மெல்லிய முன்சட்டத்தின் மீது விழுகிறது. பற்றவைப்பவரின் கைத்திறனில்தான் எல்லாம் தொங்குகிறது. பெரிய எஞ்சினைத் திணிக்க வேண்டியவருக்கு அது தேவைப்படலாம். நன்றாகத் திரும்பும் ஒரு சாலைக் கார் மட்டும் வேண்டுபவருக்கு, இருக்கிற டவரில் நான்கு துளைகள், நல்ல ரேடியல், சரியான அலைன்மென்ட், ஓர் அங்குலக் கம்பி, நேர்மையான ஷாக் ஆகியவையே போதும். மீட்க முடியாதபடி வெட்டப்பட்ட ஒவ்வொரு பழைய உடலும் ஓர் இழப்பு.

ஸ்டீயரிங்கில், நல்ல நிலையிலுள்ள 16:1 விகிதப் பெட்டி சாலைக்குத் தாராளம், ஜி.டி.350-இல் ஸ்டீயரிங் இணைப்பிலுள்ள பிட்மன் ஆர்மையும் ஐட்லர் ஆர்மையும் நீட்டியே வேகத்தைக் கூட்டினார்கள். முன்பக்க டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியில் இந்த வேலை எதையும் தொடங்கவே கூடாது. வளைவில் வேகம் கூடினால் வளைவுக்கு முன் குறைக்க வேண்டிய வேகமும் கூடும்.

மாற்றங்களை ஒரே நாளில் மொத்தமாகச் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே சாலையில் அதே வளைவில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. எது என்ன செய்தது என்று அப்போதுதான் தெரியும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களின் மீது நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் முறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நின்று விரைவில் கிழியும். புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு மைல்களில் சற்றே அமரும். அதன் பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்து, அலைன்மென்ட்டை இரண்டாம் முறை வைத்து, டயரின் காற்றழுத்தத்தை முன்னும் பின்னும் இரண்டு பவுண்டு மாற்றி மாற்றிப் பார்த்தால் வண்டியின் கடைசிச் சமநிலை கிடைக்கும்.